ஒரு வீட்டுக்கு ஒரு கோட்டு

வெயில் மண்டையைப் பிளக்க வேண்டிய மாதத்தில் அப்படியொரு குளிர் வரும் என்று யார் கண்டது? முதல் நாள் டிவியில் வானிலை சொன்ன பெண்கூட, சிரித்த முகமாக, "நாளை இதமான நாள்" என்றுதான் சொன்னாள். இதமாம், இதம். மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு கண்டக்டரம்மாவின் மூக்கு நுனி மரத்துப்போனது.

கண்டக்டரம்மா என்பது பயணிகள் வைத்த பெயர். நாளடைவில் தெருவும் கடையும் அப்படியே கூப்பிட, கடைசியில் கட்டின புருஷனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அன்று அவளுக்கு லீவு. சாதாரணப் பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வந்தாள். இருந்தும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கை விசிலைத் தேடியது. யாரோ படியில் தொங்குவதைப் பார்த்து, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று ஓர் அதட்டல்கூடப் போட்டுவிட்டாள். அந்த வண்டியின் கண்டக்டர் திரும்பி ஒரு முறை முறைத்தார். இவ்வளவு நடந்தும் பக்கத்தில் அவள் புருஷன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் ரொட்டிக்காரன். ஊருக்கே ரொட்டி போடும் பெரிய பேக்கரி ஒன்றில் ராத்திரி அடுப்பு அவன் பொறுப்பு. ஊர் தூங்கும்போது மாவோடு மல்லுக்கட்டிவிட்டு, விடிவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து படுப்பான். அவன் படுத்த கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, விளக்கைப் போடாமல் இருட்டிலேயே தலைவாரி, முதல் வண்டிக்குக் கிளம்புவாள். பொழுது சாய்ந்து அவள் திரும்பும்போது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பான். இடையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் கேஸ் தீர்ந்ததா, குழாய் ஒழுகுவதைப் பார்க்க ஆள் வந்தானா என்பதற்கே சரியாகப் போய்விடும். வார விடுமுறை இருவருக்கும் உண்டு. அவளுக்கு ஒரு கிழமை, அவனுக்கு வேறொரு கிழமை. பேக்கரியும் டிப்போவும் கூடிப் பேசி இந்தக் குடும்பத்தைக் கெடுத்தன என்று சொல்ல முடியாது. அதது பாட்டுக்கு அதது நடந்தது, அவ்வளவுதான்.

கல்யாண வீடுகளில், "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று இழுக்கும் அத்தைமார்களிடம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "முதல்ல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறோம் அத்தை. மத்ததெல்லாம் அப்புறம்." சொல்லும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு இருக்காது.

அவளுக்கு அவன்மேல் ஏக்கம். ஒரே வீட்டில் இருக்கிறவன்மேல் என்ன ஏக்கம் என்று கேட்பீர்கள். தூரதேசத்தில் இருக்கிறவனுக்காவது ஒரு போன் போட்டுத் தொலைக்கலாம். பக்கத்தில் அடித்துப்போட்டது போலத் தூங்குகிறவனை எழுப்ப யாருக்கு மனசு வரும்?

இந்த நேரத்தில்தான் அவளுக்கு இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு வந்தது. வண்டி வண்டியாக ஏறி டிக்கெட் சரிபார்க்கும் வேலை. ஆனால் வேறு ஊரில். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரம். தங்குவதற்கு அறை கொடுப்பார்கள். சம்மதமா இல்லையா என்று இந்தப் பயணத்துக்கு மறுநாள் காலைக்குள் டிப்போவில் சொல்லியாக வேண்டும். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அக்கா ஒரே போடாகப் போட்டாள்: "போடி. இப்ப மட்டும் என்ன சேர்ந்தா இருக்கீங்க? அவர் வந்து படுத்தா நீ எழுந்து போயிடுறே. லாட்ஜ்ல ரூம் எடுத்தவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அது சுருக்கென்று தைத்தது. புருஷனிடம் அவள் இன்னும் மூச்சு விடவில்லை. வீட்டில் வைத்துக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்கலாம் என்றாலும் சரி, தம்பி கல்யாணத்துக்கு என்ன செய்யலாம் என்றாலும் சரி, அவனிடம் ஒரே பதில்தான் உண்டு: "உன் இஷ்டம்." நல்ல மனுஷன் வாயில் பிறந்த மோசமான சொல்.

ஆகவே மனதுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டாள். மலைக்குக் கூட்டிப்போவது. நடந்துகொண்டே யாரும் தூங்க முடியாதல்லவா? உச்சியில் வைத்துக் கேட்பது. "போகாதே" என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இருந்துவிடுவது. "உன் இஷ்டம்" என்றால் மறுநாளே பெட்டியைக் கட்டுவது. அவன் முந்தின ராத்திரி அடுப்பைக் கூட்டாளியிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அன்று ராத்திரி திரும்ப அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

ஏற ஆரம்பித்த புதிதில் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. மரங்களுக்கு நடுவில் பாதை. அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். தினமும் அந்த நேரத்துக்கு ஆழ்ந்து தூங்கும் உடம்பு, பாவம், மலையேறச் சொன்னால் என்ன செய்யும்? இருந்தும் வேரில் இடறியபோதெல்லாம், "இல்ல, முழிச்சுத்தான் இருக்கேன்" என்று தானாக வாக்குமூலம் கொடுத்தான். அவள் சிரித்தாள். வண்டியில் ஒரு பாட்டி ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்டதைச் சொன்னாள். அவன், பேக்கரியில் புதிதாக வந்த ஒருத்தன் ஈஸ்டை அள்ளிப் போட்டு மாவு தொட்டியை விட்டு வழிந்து நடந்து வந்ததைச் சொன்னான். இதெல்லாம் எப்போதோ நடந்தவை. சொல்ல நேரம் கிடைக்காமல் இருவரிடமும் சேர்ந்துபோய்க் கிடந்தன.

எதிரே இறங்கி வந்த ஒரு பெரியவர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். நின்றார். குறும்பாகக் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குத் தெரியாம வந்தீங்களாக்கும்?" என்று கேட்டார்.

"வீடே நாங்கதாங்க," என்றாள் அவள்.

"அப்புறம் எதுக்கு இப்படிக் குசுகுசுன்னு பேசிக்கிட்டு வர்றீங்க?"

அவர் போன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. மலையடிவாரத்திலிருந்து அதுவரை அவர்கள் குசுகுசுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். வீட்டுப் பழக்கம். ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குவார் என்று பழகிப்போன வாய். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்ப சத்தமாப் பேசலாம்ல?" என்று சத்தமாகக் கேட்டான். அந்தக் குரல் அவளுக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரர் குரல் போலிருந்தது. தன் புருஷனின் முழுக் குரல் மறந்துபோகிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

மரங்கள் முடிந்து வெறும் பாறையும் புல்லுமாக ஆன இடத்தில் காற்று அடித்தது. அதற்குப் பெயர் காற்றா? காது மடலைப் பிய்த்துக் கையில் கொடுக்கும் போலிருந்தது. இருவருக்கும் பல் தந்தியடித்தது.

"கோட்டு எடுத்தாச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"எடுத்தாச்சே," என்று அவன் பையைத் திறந்தான். கோட்டு இருந்தது. ஒன்று.

"என்னுது எங்கே?"

"இதுதானே உன்னுது."

"அப்ப உங்களுது?"

அவன் கோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இதுதானே என்னுதும்."

விஷயம் இதுதான். அந்த வீட்டில் கோட்டு ஒன்றுதான். விடியற்காலையில் அவன் கழற்றி ஆணியில் மாட்டுவான். அதையே அவள் மாட்டிக்கொண்டு போவாள். சாயங்காலம் அவள் கழற்றினால் அவன் போட்டுக்கொள்வான். கையை மடித்துவிட்டால் அவளுடையது, இறக்கிவிட்டால் அவனுடையது. குடை ஒன்று, டார்ச் ஒன்று, போர்வை ஒன்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே போனால்தானே இரண்டாவது வேண்டும்? காலையில், "கோட்டு எடுத்தாச்சா?", "எடுத்தாச்சு" என்று பேசியபோது இருவருக்குமே அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பதில் ஒரு நாளும் தப்பாக இருந்ததில்லை.

முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டு பேருமாக ஒரே கோட்டுக்குள் தோளைக் கொடுத்து நடந்து பார்த்தார்கள். பாதை ஒற்றையாள் பாதை. நாலு அடி போவதற்குள் அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இழுத்து, பொத்தான் ஒன்று தெறித்துப் பள்ளத்தில் விழுந்தது. அப்புறம் அவன்தான் வழி சொன்னான்.

"அந்தப் பெரிய பாறை வரைக்கும் நீ போட்டுக்க. அங்கிருந்து வளைவு வரைக்கும் நான். அப்புறம் நீ."

நியாயமான ஏற்பாடுதான். அவளும் தலையாட்டிவிட்டுப் போட்டுக்கொண்டாள். பாறை வந்ததும் கழற்றிக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டு கையை இறக்கிவிட்டான். உள்ளே அவளுடைய சூடு இருந்திருக்க வேண்டும். "அப்பாடா," என்றான். வளைவு வந்ததும் திரும்ப அவள் முறை. இப்போது அவனுடைய சூடு. அது அவளுக்கு நன்றாகப் பழக்கமான சூடு. படுக்கையில் அவன் விட்டுப்போவது, கோட்டில் அவன் விட்டுப்போவது. ஆள் இல்லாத ஆளின் சூடு. ஆள் இங்கேதான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வெடவெடத்து நிற்கிறான். ஒருத்தர் சுகமாக இருந்தால் ஒருத்தர் நடுங்க வேண்டும். மலைக்கு வந்தும் இதே கதைதானா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

உச்சியில் பார்ப்பதற்கு ஒரு மண்ணும் இல்லை. மேகம் மூடிக் கிடந்தது. இவ்வளவு பாடுபட்டு ஏறியவர்கள் எல்லாரும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்பது போல நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, குளிருக்குப் பயந்து உடனே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகரக் கொட்டகையில் டீ கிடைத்தது. கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். பல நாள் மனப்பாடம் செய்தது, வாய் திறந்ததும் தலைகீழாக வந்தது.

"எனக்கு இன்ஸ்பெக்டர் வேலை கொடுக்கிறாங்க. இங்க இல்ல. ரொம்ப தூரம். நாளைக்குக் காலையில சொல்லணும். போகவா, வேண்டாமா?"

அவன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அது என்னவென்று பிடிபடும் முன்பே அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்குக் கிடைக்க வேண்டியதுதான்," என்றான். பிறகு மெதுவாக, "உன் இஷ்டம்," என்றான்.

சொல்லிவிட்டான். கடவுளே, சொல்லியேவிட்டான். அவள் கிளாஸை ஓசையெழ வைத்தாள். கோட்டைக் கழற்றி அவன் மடியில் போட்டாள். "உங்க முறை," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தாள்.

அந்த வேகத்துக்குக் குளிர்கூடத் தெரியவில்லை. முன்னால் போனவர்களை, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று விலக்கிக்கொண்டு போனாள். பெட்டியில் என்னென்ன எடுத்துவைப்பது என்று யோசிக்கப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. அந்த ஊர் அறையில் ராத்திரி எப்போது வேண்டுமானாலும் விளக்கைப் போடலாம், ரேடியோவைச் சத்தமாக வைக்கலாம், யாருடைய தூக்கத்துக்கும் பயப்பட வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அழுகைதான் வந்தது.

பின்னாலிருந்து, "கண்டக்டரம்மா! நில்லு!" என்று ஒரு சத்தம். மலையில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். அவள் மட்டும் நிற்கவில்லை. அவன் ஓடிவந்து, மூச்சு வாங்க, அவளுக்கு முன்னால் வந்து நின்றான். கோட்டு இன்னும் கையில்தான் இருந்தது.

"ஏங்க அதைப் போட்டுக்கலை?"

"நீ போடாம நான் எப்படிப் போட்டுக்கிறது?"

"நான் போய்ட்டா என்ன செய்வீங்க? அப்ப முழுக்க உங்களுக்குத்தானே."

அவன் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டான். பிறகு சம்பந்தமில்லாமல் எதையோ ஆரம்பித்தான். "நான் காலையில வரும்போது கீழேயே செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் மாடி ஏறுவேன். உனக்குத் தெரியாது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீதான் தூங்கிட்டு இருப்பியே."

"தூங்கினாத்தானே?" என்றாள் அவள். இதை ஒரு நாளும் சொல்லக்கூடாது என்று இருந்தாள். வந்துவிட்டது. "நீங்க தெருமுனை திரும்பும்போதே முழிச்சுக்குவேன். சாவியைச் சத்தம் வராம திருப்புவீங்க. தண்ணி குடிப்பீங்க. அப்புறம் வந்து கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உட்காருவீங்க. நான் தூங்கணும்னு இவ்வளவு பாடுபடுறவர்கிட்ட முழிச்சிருக்கேன்னு எப்படிச் சொல்றது? கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு அன்னைக்கு முழுக்க." அவள் குரல் உடைந்தது. "உட்கார்ந்துகிட்டு என்னதான் செய்வீங்க அங்க?"

"பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"என்னத்தை? கும்மிருட்டுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது," என்று ஒப்புக்கொண்டான்.

காற்று ஒரு சுற்று சுற்றி அடித்தது. அவள் நெற்றி முடியெல்லாம் பின்னால் பறந்தது. அவன் கண் அங்கேயே நின்றது. கையை நீட்டி, முடி தொடங்கும் இடத்தைத் தொட்டான். நகம் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"இது எப்ப ஆச்சு?"

"மழைக்காலத்துல. பிரேக் போட்டப்ப கம்பியில இடிச்சுக்கிட்டேன். ரெண்டு தையல்."

"மழைக்காலத்துலயா? ஏன் சொல்லல?"

"அன்னைக்குச் சீக்கிரமே அனுப்பிட்டாங்க. வந்தப்ப நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எழுந்ததும் கிளம்பிட்டீங்க. சொன்னா உங்களுக்குத் தூக்கம் கெட்டுடும்னு முடியை இழுத்து விட்டுக்கிட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், இரண்டு தையலும் அப்போதுதான் அவனுக்குப் போட்டது போலிருந்தது. விரலை எடுக்கவே இல்லை.

"போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கு?" என்றான். "சொன்னா நீ இருந்துடுவே, எனக்குத் தெரியும். எதுக்காக இருப்பே? இதுக்கா? ஒரு நாளும் கூட இருக்காத, தலையில தையல் போட்டதுகூட இப்பத்தான் தெரியுற புருஷனுக்கா? அதான் உன் இஷ்டம்னு சொன்னேன். எனக்கு இஷ்டம் இல்லாம இல்ல."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ. இன்ஸ்பெக்டரா போ. நானும் வர்றேன்."

"வேலை?"

"ரொட்டி தின்னாத ஊரா அது? எங்கேயாவது ஒரு அடுப்பு இருக்கும்."

அவளுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள். "அங்கேயாவது பகல்ல சுடுவாங்களா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மையையே சொன்னான்.

"இல்லம்மா. ரொட்டியை எல்லா ஊர்லயும் ராத்திரிதான் சுடுறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பாதையை அடைத்துக்கொண்டு நின்ற இருவரையும் சுற்றிக்கொண்டு, ஜனங்கள் கையைத் தேய்த்தபடி ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள். கீழே, மேகம் விலகிய ஓர் இடுக்கில், பஸ் வந்து நிற்பது சின்னதாகத் தெரிந்தது. அதில் ஏறினால் சாயங்காலத்துக்குள் வீடு. வீட்டுக்குப் போனதும் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு அடுப்புக்குப் போக வேண்டும்.

"அந்த வண்டியைப் பிடிச்சிடலாமா?" என்று அவன் கேட்டான்.

"வேண்டாம்," என்றாள் கண்டக்டரம்மா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியை வேண்டுமென்றே தவறவிட்டாள். "மெதுவா நடங்க. அடுத்த வண்டியில போவோம். இன்னும் வெளிச்சம் இருக்கு."